அம்மைப்பாலும் அன்னையரின் ஐயமும்

நோய்க்குத் தாயின் பெயரை இட்டு வழங்கும் மொழி நம்முடையது. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை என வகை பிரித்தறிந்த நம் முன்னோர், அவற்றுள் எதனையும் வாய்விட்டு நோய் என்று சொல்ல அஞ்சினர். 'அம்மை வார்த்திருக்கிறது' என்றும், 'அம்மா வந்திருக்கிறாள்' என்றும் குரலைத் தாழ்த்திக் கூறினர். வாயிலில் வேப்பிலை செருகினர். அயலார் வரவைத் தடுத்தனர். தாளிக்கும் மணம் எழாமல் சமைத்தனர். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பின்னரே பிள்ளையை வாசற்படி தாண்ட விட்டனர். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் மலாயாவில் அரிதாக இருந்ததற்கு உரிய காரணங்களுள் இவ்வச்சமும் ஒன்றாகும். இவற்றை மூடநம்பிக்கை என்னும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், வேப்பிலை கட்டிய வீட்டினுள் அயலார் நுழையாமையால் தொற்றுப் பரவுவது ஓரளவு தடைப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. பத்துப் பேரைப் பற்றினால் மூவரைக் கொண்டுபோகும் கொடுநோயின் முன், வேறு கருவி எதுவும் கையில் இல்லாத மக்கள் செய்யக் கூடியது அவ்வளவே.

அம்மக்களின் கையில் ஒரு கருவி வந்து சேர்ந்தது. அதற்கும் அவர்கள் அம்மையின் பெயரையே சூட்டினர். மருந்து 'அம்மைப்பால்' ஆயிற்று; அதனை உடலில் ஏற்றுவது 'அம்மை குத்துதல்' ஆயிற்று. தடுப்பூசி என்னும் இன்றைய சொல் பரவுவதற்கு முன் இவையே மக்கள் வழக்கில் இருந்தன. இக்கருவியைக் கண்டறிந்த அறிஞர்களின் புகழைப் பாடநூல்கள் போதிய அளவு பாடிவிட்டன. ஆனால் குழந்தையை இடுப்பில் ஏந்தி வந்து, குத்துபவரின் முன் நின்ற தாயின் உள்ளத்தில் எழுந்த வினாவைப் பாடநூல்கள் பெரிதும் பேசுவதில்லை. 'நோயில்லாத என் பிள்ளையின் உடலில் எதையோ ஏற்றுகிறீர்களே, இதனால் தீங்கு வாராதா?' என்பதே அவ்வினா. நோயுற்றவனுக்கு மருந்து கொடுப்பது வேறு. நலமாக உள்ள குழந்தைக்குக் கொடுப்பது வேறு. ஆகவே அவ்வினா அறியாமையால் எழுந்ததன்று, நியாயமானது. இருநூறு ஆண்டுகளாக அவ்வினாவுக்கு யார் யார் எத்தகைய விடை தந்தனர், எந்த விடை நிலைத்தது என்பதே ஈண்டு நாம் காண விழைவது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நலம். அம்மையை அம்மையாலேயே தடுக்கலாம் என்னும் அறிவு ஐரோப்பாவில் பிறந்ததன்று. பெரியம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிதளவு சீழையோ பொருக்கையோ எடுத்து, நலமாக உள்ளவரின் தோலில் கீறி ஏற்றும் வழக்கம் வங்காளத்தில் இருந்தது. துருக்கியிலும் சீனத்திலும் வெவ்வேறு வடிவில் இருந்தது. வங்காளத்தில் இத்தொழில் செய்தோரை டீக்காதார் என்று அழைத்தனர். துருக்கி நாட்டில் இங்கிலாந்துத் தூதரின் மனைவியாக வாழ்ந்த மேரி மாண்டேகு சீமாட்டி 1718இல் தம் மகனுக்கு இம்முறையில் அம்மை ஏற்றச் செய்து, பின்னர்த் தம் நாட்டிலும் அதனைப் பரப்பினார். அம்முறையில் ஏற்றப்பட்டது உண்மையான பெரியம்மை. ஆதலின் நூற்றுக்கு ஓரிருவர் அதனாலேயே இறந்தனர். ஏற்றப்பட்டவரிடமிருந்து பிறருக்கு நோய் பரவவும் கூடும். நூற்றுக்கு முப்பது சாவும் நூற்றுக்கு இரண்டு சாவும் எதிரெதிரே நின்றபோது, அக்காலப் பெற்றோர் கண்ணீரோடு கணக்குப் பார்த்தனர் எனலாம்.

அக்கணக்கை மாற்றியவர் இங்கிலாந்தின் கிராமப்புற மருத்துவர் எட்வர்டு ஜென்னர். பசுவின் மடியில் தோன்றும் அம்மை பால் கறக்கும் பெண்களின் கையில் தொற்றினால், அவர்களைப் பெரியம்மை பற்றுவதில்லை என்பது அவ்வூர் மக்கள் அறிந்த செய்தி. 1796ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், சாரா நெல்ம்ஸ் என்னும் பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை, ஜேம்ஸ் பிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையில் ஜென்னர் ஏற்றினார். சில வாரங்கள் கழித்து உண்மையான பெரியம்மையையே அவனுக்கு ஏற்றிப் பார்த்தார், நோய் பற்றவில்லை. தோட்டக்காரர் ஒருவரின் மகனாகிய அச்சிறுவன் மீது நடந்த இச்சோதனைக்கு இன்று எந்த மருத்துவ நெறிக்குழுவும் இசைவு தராது. 1798இல் ஜென்னர் தம் நூலை வெளியிட்டார். இலத்தீன் மொழியில் பசுவைக் குறிக்கும் 'வாக்கா' என்னும் சொல்லிலிருந்தே 'வாக்சின்' என்னும் பெயர் பிறந்தது.

அறிவைக் காகிதத்தில் எழுதி உலகெங்கும் அனுப்பலாம். அம்மைப்பாலை அங்ஙனம் அனுப்ப இயலவில்லை. வெப்பத்தில் அது சில நாள்களிலேயே வீரியம் இழந்தது. பனிப்பெட்டி இல்லாத அக்காலத்தில் அதனைக் கெடாமல் காத்த ஒரே பாண்டம் குழந்தையின் உடல். ஒரு குழந்தையின் கையில் ஏற்றினால் எட்டாம் நாளளவில் கொப்புளம் நீர் கட்டும். அந்நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு ஏற்ற வேண்டும். அதன் கையிலிருந்து மற்றொன்றுக்கு. எண்ணெய் தீருமுன் ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கை ஏற்றுவது போன்ற தொடர் இது. இடையில் ஒரு குழந்தை தவறினால் தொடர் அறுந்துபோகும்.

இங்ஙனம்தான் அம்மைப்பால் கீழ்த்திசைக்கு வந்தது. வியன்னா நகரில் வாழ்ந்த மருத்துவர் ழான் டி கரோ, அம்மைப்பாலில் நனைத்த பஞ்சை இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே வைத்து மெழுகிட்டு அனுப்பினார். கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா என வழிநெடுகக் குழந்தைகளின் கைகளில் புதுப்பிக்கப்பட்டு அது பம்பாயை அடைந்தது. 1802ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் நாள், ஆனா டஸ்தால் என்னும் மூன்று வயதுப் பெண்குழந்தையின் கையில் அது பற்றிக்கொண்டது. இந்தியாவில் அம்மைப்பால் வெற்றியுடன் குத்தப்பட்ட முதற்குழந்தை அவளே. அவள் கையில் தோன்றிய கொப்புளத்திலிருந்து பிரிந்த தொடர்கள் அதே ஆண்டில் இலங்கையையும் சென்னையையும் எட்டின. அக்குழந்தையைப் பற்றி வரலாறு நமக்குச் சொல்வது மிகச் சிறிது. ஆயினும் தென்னாட்டின் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பெற்ற காப்பு அச்சின்னஞ்சிறு கையின் வழியாக வந்தது என்று நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது.

ஸ்பெயின் நாட்டு மன்னர் இதே வேலையைக் கப்பலில் செய்வித்தார். மருத்துவர் பல்மிஸ் தலைமையில் 1803ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் லா கொருனா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பலில் ஆதரவற்ற சிறுவர் 22 பேர் இருந்தனர். அவர்களுக்குத் துணையாக விடுதிக் காப்பாளர் இசபெல் சென்டால் சென்றார். கடலின் நடுவே இருவர் இருவராக அச்சிறுவர்களின் கையில் அம்மைப்பால் மாற்றி மாற்றி ஏற்றப்பட்டு, அமெரிக்கக் கண்டத்தின் ஸ்பானிய நாடுகளை அடைந்தது. பின்னர் 1805இல் மெக்சிகோவிலிருந்து வேறு 26 சிறுவர்கள் அதனைப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து மணிலாவுக்குக் கொண்டுவந்தனர். நம் தென்கிழக்காசிய வட்டாரத்திற்கு வந்த காப்பும் பிள்ளைகளின் கைவழி வந்ததே. அனைத்துலக மருத்துவத் தொண்டின் தொடக்கம் என்று இப்பயணத்தைப் புகழ்வோர் உண்டு, புகழட்டும். கேட்பாரற்ற பிள்ளைகள் என்பதனாலேயே அவர்கள் பாண்டமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதையும் உடன் எழுதிவைக்க வேண்டும்.

இனித் தாயின் வினாவுக்கு வருவோம். இந்தியாவில் அம்மை குத்துவோர் எதிர்கொண்ட தடை, குத்தும் நாளைவிட எட்டாம் நாளில்தான் பெரிதாக இருந்தது. பிள்ளையை மீண்டும் அழைத்து வந்து, அதன் கைக்கொப்புளத்தைத் திறந்து, பிறர் பிள்ளைக்கு நீர் எடுக்க விடுமாறு கேட்டபோது பெற்றோர் பலர் மறுத்தனர், ஒளித்து வைத்தனர். எந்தக் குலத்துப் பிள்ளையின் உடல்நீர் எந்தக் குலத்துப் பிள்ளைக்குப் போகிறது என்னும் கேள்வியும் எழுந்தது. அம்மன் சினம் கொள்வாள் என்னும் அச்சமும் சேர்ந்தது. இத்தடையை நீக்கச் சென்னையில் ஒருவர் எடுத்த முயற்சி தமிழாசிரியர்கள் அறிந்து சுவைக்கத் தக்கது. சற்றே வருந்தவும் தக்கது.

அவர் வேறு யாருமல்லர். நம்மவர் அன்போடு எல்லிஸ் துரை என்றழைக்கும் பிரான்சிஸ் வைட் எல்லிஸ்தாம். சென்னைக் கல்விச் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றவர். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை வரைந்தவர். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தினின்று பிறந்தவை அல்ல, தமக்குள் ஓரினத்தவை என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, 1816இல், நிறுவியவர். மொழி வரலாற்றில் உண்மையைத் தேடிய இப்பேரறிஞர் அம்மைப்பால் செய்தியில் வேறு வழியை மேற்கொண்டார். சக்தியும் தேவ மருத்துவராகிய தன்வந்திரியும் உரையாடுவதாகவும், பசுவின் வழியாக மக்களுக்குப் புதிய காப்பொன்றை அன்னை அருளுவதாகவும் ஒரு புராணக் கதையை அவர் புனைந்தார். அமெரிக்க வரலாற்றறிஞர் தாமஸ் டிரவுட்மன், எல்லிசைப் பற்றிய தம் ஆய்வில் இதனை விரிவாக எடுத்துக் காட்டியுள்ளார். அம்மைப்பாலைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் செய்யுள் இயற்றி, அதனைப் பழந்தாளில் எழுதுவித்து, தொன்மையான ஏடு ஒன்று கிடைத்தது போல எல்லிஸ் பரவவிட்டார் என்று அவர் காலத்தை அடுத்து எழுதியோரும் குறித்துள்ளனர். அந்தணர்கள் பழமைக்கும் பசுவுக்கும் தலைவணங்குவர். அவர்கள் ஏற்றால் ஊர் ஏற்கும் என்பது எண்ணம்.

இதே காலத்தில், 1819ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள் வெளிவந்த மெட்ராஸ் கூரியர் இதழில் 'கல்வி விரும்பன்' என்னும் புனைபெயரில் ஒரு மடல் வந்தது. தன்வந்திரி இயற்றிய பழைய நூலொன்றில், பசுவின் மடிக்கொப்புள நீரை மனிதரின் கையில் ஏற்றும் முறை சொல்லப்பட்டிருப்பதாக அம்மடல் கூறியது. அதே ஆண்டு மார்ச்சில் எல்லிஸ் இராமநாதபுரத்தில் இறந்துபோனார். மடலோ இறக்கவில்லை. இந்தியர் ஜென்னருக்குப் பன்னூற்றாண்டுகள் முன்னரே பசு அம்மையைக் குத்தினர் என்பதற்குச் சான்றாக ஐரோப்பிய ஏடுகளிலும் இந்திய ஏடுகளிலும் அது திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. இச்சான்றின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்து அது பக்திப் போர்வை போர்த்த புனைவே என்று டொமினிக் உயாஸ்டிக் என்னும் சமஸ்கிருத ஆய்வாளர் 1987இல் விளக்கினார். அதன் பின்னும் அக்கூற்றை மேடையில் முழங்குவோர் உண்டு. வங்காளத்தில் பெரியம்மையையே ஏற்றிய பழைய முறை உண்மை. பசு அம்மையை ஏற்றியதாகச் சொல்லும் பழஞ்சுவடி பொய். பொய்யைச் சேர்த்ததனால் உண்மையின் பெருமையும் குறைந்தது.

எல்லிசின் நோக்கத்தைப் பழிப்பதற்கில்லை. பிள்ளைகள் பிழைக்க வேண்டும் என்றே அவர் விரும்பினார். ஆனால் தாய் கேட்ட வினா 'இது பழமையானதா?' என்பதன்று, 'இது தீங்கற்றதா?' என்பது. கேட்ட வினாவை விட்டுக் கேளாத வினாவுக்கு விடை கூறியமையே அம்முயற்சியின் குறை.

கேட்ட வினாவுக்கு விடையோ, அந்நாளில் அத்துணை எளிதாக இல்லை. கைக்குக் கை மாற்றும் முறையில் மெய்யாகவே தீங்கு ஒன்று ஒளிந்திருந்தது. முதற்குழந்தையின் குருதியில் வேறு நோய் இருந்தால், அதுவும் அம்மைப்பாலோடு அடுத்த குழந்தைக்குப் போகக் கூடும். 1861இல் இத்தாலியின் ரிவால்டா என்னும் ஊரில் இவ்வாறு மேகநோய் பிள்ளைகள் பலருக்குப் பரவியது. இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டுச் சட்டம் கைக்குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. மறுத்த ஏழைப் பெற்றோர் தண்டம் கட்டினர், சிறையும் சென்றனர். 1885இல் லெஸ்டர் நகரில் பெருந்திரளானோர் கூடி எதிர்ப்பு ஊர்வலம் நடத்தினர். அவ்வெதிர்ப்பாளர் கூறியவற்றுள் பல பொருந்தாதவை. ஆனால் கைக்குக் கை முறை நோய் பரப்பும் என்ற ஒன்று மெய். மெய்யானதால் அது முறையை மாற்றியது. கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை வளர்த்து, கிளிசரின் கலந்து கிருமி நீக்கிப் பயன்படுத்தும் வழி வந்தது. 1898இல் இங்கிலாந்து கைக்குக் கை முறையை அறவே விலக்கியது. அதே சட்டம் மனச்சான்றின்படி மறுக்கும் பெற்றோருக்கும் இடம் தந்தது. பிற்காலத்தில், 1950களின் தொடக்கத்தில், லண்டனில் லெஸ்லி கோலியர் அம்மைப்பாலை உறைய வைத்து உலர்த்தித் தூளாக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அத்தூள் வெப்ப நாடுகளிலும் கெடாமல் நின்றது.

நம் மூதாதையர் இவ்வரலாற்றுள் எங்கே நின்றனர்? ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களில் நின்றனர். கப்பலேறுமுன் அவர்கள் கையில் அம்மை குத்தப்பட்டது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய பின் தீவுகளில் தனித்து வைக்கப்பட்டு மீண்டும் நோக்கப்பட்டனர். 'ரஜூலா' கப்பலில் வந்த தலைமுறையினரின் கையில் இருந்த வட்டத் தழும்பை நம்மில் மூத்தோர் பலர் தொட்டுப் பார்த்திருப்பர். அத்தழும்பு அவர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் வினவும் உரிமை கூலியாளுக்கு இல்லை. வரிசையில் நின்று கையை நீட்டும் கடமையே இருந்தது. கேளாமல் பெற்ற காப்பு உடலில் நின்றது. உள்ளத்தில் நின்றதா என்பது வேறு செய்தி.

பெரியம்மை ஒழிந்த கதையை நீட்டத் தேவையில்லை. இயற்கையாக அந்நோய் கண்ட கடைசி மனிதர் சோமாலியாவின் மெர்கா நகரில் மருத்துவமனைச் சமையற்காரராக இருந்த அலி மாவ் மாலின். ஆண்டு 1977. ஊசி வலிக்குமே என்று அஞ்சி அவர் அம்மை குத்திக்கொள்ளாமல் நழுவியிருந்தார். பிழைத்தெழுந்த அவர் பிற்காலத்தில் இளம்பிள்ளை வாத ஒழிப்புப் பணியில் சேர்ந்து, தயங்கிய பெற்றோரிடம் தம் கதையையே எடுத்துக் கூறினார். 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், பெரியம்மை உலகைவிட்டு நீங்கியதென உலகச் சுகாதார மன்றம் அறிவித்தது. அன்னையரின் வினா இனி வேறு நோய்களைப் பற்றியதாயிற்று. அவற்றுள் இளம்பிள்ளை வாதத்தின் கதை, தடுப்பு மருந்தின் பாதுகாப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதைத் துலக்கமாகக் காட்டுவதால் அதனை மட்டும் சற்று விரிவாக நோக்குவோம்.

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், ஜோனாஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி பயனளிக்கிறது என்னும் செய்தி அமெரிக்காவில் வெளியானபோது தேவாலய மணிகள் ஒலித்தன. கிருமியைப் பார்மலின் கொண்டு கொன்று செய்யப்பட்ட மருந்து அது. அம்மகிழ்ச்சி இரண்டு வாரம் கூட நீடிக்கவில்லை. கலிபோர்னியாவின் கட்டர் நிறுவனம் செய்த மருந்தின் சில தொகுதிகளில் கிருமி முழுதும் சாகாமல் உயிரோடு இருந்தது. ஊசி போட்ட பிள்ளைகளையும், அவர்களோடு பழகியோரையும் சேர்த்து ஏறத்தாழ 200 பேர் கைகால் முடங்கினர். 10 பேர் இறந்தனர். தடுப்பு மருந்தின் வரலாற்றில் மறைக்க விரும்பத் தக்க பக்கம் இது. ஆனால் மறைக்கப்படவில்லை. ஏப்ரல் 27இல் அந்நிறுவனத்தின் மருந்து திரும்பப் பெறப்பட்டது, மே மாதத்தில் நாடு முழுதும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது, ஆலைகள் சோதிக்கப்பட்டன. கட்டியாகத் திரண்ட துகள்களுக்குள் பார்மலின் புகாமல் கிருமி பிழைத்தது என்பது தெரிய வந்தது. வடிகட்டும் முறையும் சோதிக்கும் முறையும் கடுமையாக்கப்பட்டு ஊசிப் பணி மீண்டும் தொடங்கியது. இன்று ஒவ்வொரு தொகுதி மருந்தும் தனித்தனியே சோதனைக்கு உட்பட்ட பின்னரே வெளிவருகிறது என்றால், அவ்வொழுங்கின் பின்னே அப்பிள்ளைகளின் துன்பம் நிற்கிறது.

மூன்றாண்டுகள் கழித்துச் சிங்கப்பூரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. 1958ஆம் ஆண்டின் இறுதியில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேல், மருத்துவர்கள் துரைசிங்கம், கனகரத்தினம், லியோங், மொண்டேரோ ஆகியோர் துணிவான முடிவொன்றை மேற்கொண்டனர். அக்கிருமியில் மூன்று வகைகள் உண்டு. பரவியதோ முதல் வகை. அவர்கள் கொடுத்ததோ ஆல்பர்ட் சேபின் வலுவிழக்கச் செய்த இரண்டாம் வகை உயிர்க்கிருமி. பகை ஒன்றாக இருக்கக் காவல் வேறொன்றாக இருப்பது விந்தையாகத் தோன்றலாம். காரணம் இது. வலுவிழந்த கிருமி குழந்தையின் குடலில் முன்னதாகக் குடியேறிப் பெருகிவிட்டால், பின்வரும் கொடிய கிருமிக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. மூவகையுள் இரண்டாம் வகையே தீங்கு குறைந்தது என அந்நாளில் கருதப்பட்டது. மூன்று மாதக் குழந்தை முதல் பத்து வயதுப் பிள்ளைகள் வரை ஏறத்தாழ 2,00,000 பேர் வாய்வழி அம்மருந்தை உட்கொண்டனர். நோய் பரவும் நேரத்தில் சேபின் மருந்து இத்துணைப் பெரிய அளவில் கொடுக்கப்பட்ட முதல் இடங்களுள் சிங்கப்பூர் ஒன்றாகும். மருத்துவர்கள் கொடுத்ததோடு நிற்கவில்லை. உட்கொண்டோருள் எவருக்கு என்ன நேர்ந்தது, உட்கொள்ளாதோருள் எவருக்கு என்ன நேர்ந்தது என்று தொடர்ந்து கணக்கெடுத்து, மருந்து தீங்கின்றி அமைந்ததைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1959இல் வெளியிட்டனர். கணக்கெடுத்து வெளியிடும் அச்செயலே தாயின் வினாவுக்கு நேரான விடை. சென்னையில் எல்லிஸ் தேடிய பழஞ்சுவடியினும் இந்த ஐவரின் கணக்கேடு எனக்குப் புனிதமாகப் படுகிறது.

அறிவியலின் விடைகள் திருத்தத்திற்கு உட்பட்டவை. அன்று தீங்கு குறைந்ததென எண்ணப்பட்ட அதே இரண்டாம் வகை பற்றிப் பிற்காலத்தில் வேறோர் உண்மை வெளிப்பட்டது. சொட்டு மருந்திலுள்ள உயிர்க்கிருமி, மருந்து பெற்ற குழந்தையின் கழிவு வழியே வெளியேறும். சுற்றிலும் மருந்து பெறாத பிள்ளைகள் மிகுந்திருந்தால், அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கென நெடுங்காலம் சுற்றி, சிறுகச் சிறுக மாறி, இழந்த வலிமையை மீண்டும் பெற்றுவிடக் கூடும். இவ்வாறு மாறிய கிருமிகளுள் பெரும்பான்மையானவை இரண்டாம் வகையே எனத் தெரிந்தது. இயற்கையில் உலவிய இரண்டாம் வகை 2015இல் ஒழிந்ததென உறுதி செய்யப்பட்டதும், 2016 ஏப்ரலில் உலகெங்கும் வழக்கமான சொட்டு மருந்திலிருந்து அவ்வகை நீக்கப்பட்டது.

இத்திருத்தங்களோடு ஒப்பிட்டு நோக்கத் தக்கது 1998ஆம் ஆண்டு நிகழ்ச்சி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான ஒரே ஊசிக்கும் ஆட்டிசம் என்னும் குறைபாட்டுக்கும் தொடர்புண்டு என்னும் கருத்தை விதைத்த கட்டுரையொன்றை, ஆண்ட்ரூ வேக்பீல்டு என்பவர் லான்செட் இதழில் வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது 12 குழந்தைகளை மட்டுமே. செய்தியாளர் பிரையன் டீர் துருவி ஆராய்ந்தபோது அக்குழந்தைகளின் விவரங்கள் மாற்றி எழுதப்பட்டிருந்தமை வெளியாயிற்று. 2010இல் இதழ் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வேக்பீல்டின் பெயர் மருத்துவர் பட்டியலினின்று நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி 2019இல் வெளிவந்த ஆய்வு, அவ்வூசி ஆட்டிசத்தை மிகுவிக்கவில்லை என்று காட்டியது. ஆயினும் பன்னிரு குழந்தைகளைப் பற்றிய பொய் சென்ற தொலைவை ஆறரை இலட்சம் குழந்தைகளைப் பற்றிய மெய் இன்னும் சென்று சேரவில்லை. எல்லிஸ் சொன்னது ஊசியின் பக்கம் நின்ற பொய். இது ஊசிக்கு எதிர்ப்பக்கம் நின்ற பொய். நோக்கத்தால் வேறுபட்டாலும், தாயின் ஐயத்தை விலைக்கு வாங்க முனைந்ததில் இரண்டும் ஒன்றே.

ஊசியால் தீங்கே இல்லை என்று சொல்வதும் அவ்வகைப் பொய்யே ஆகும். ஊசி போட்ட இடம் வீங்கும். ஓரிரு நாள் காய்ச்சல் வரும். பத்து இலட்சம் ஊசிகளுக்கு ஒன்று என்னும் அளவில் கடும் ஒவ்வாமையும் நேரும். போட்ட பின் சிறிது நேரம் அங்கேயே அமர்ந்திருக்கச் சொல்வது அதற்காகவே. நோயெதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய பிள்ளைகளுக்குச் சில உயிர்க்கிருமி மருந்துகளைக் கொடுக்கலாகாது. அப்பிள்ளைகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. உடன் பயில்வோர் பெற்ற காப்பே அவர்களுக்கும் காப்பு. தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை, காப்பற்ற கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்கு அதனைக் கொடுத்துவிடும். நூற்றுக்கு 95 பேர் காப்புப் பெற்றிருந்தால்தான் அந்நோய் பரவ வழியின்றி நிற்கும். சிங்கப்பூரில் தொண்டை அடைப்பானுக்கு 1962இலும், தட்டம்மைக்கு 1985இலும் ஊசி கட்டாயமாக்கப்பட்டது. மலேசியாவில் சட்டக் கட்டாயமின்றி, இலவசமாக, தாய் சேய் நல நிலையங்களின் வழி அப்பணி வளர்ந்தது. எம்முறை மேல் என்னும் வழக்கு இருநாட்டுப் பட்டிமன்றங்களுக்கும் உரியது. தொண்டை அடைப்பானால் 2016இல் மலேசியாவில் பிள்ளைகள் சிலர் இறந்தனர் என்பது மட்டும் ஈண்டு குறிக்கத் தக்கது.

அதனினும் கவனத்திற்குரியது மூன்றாண்டுகள் கழித்துச் சபா மாநிலத்தில் நிகழ்ந்தது. 1992க்குப் பின் மலேசியாவில் எவரையும் இளம்பிள்ளை வாதம் தாக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் இவ்வட்டாரம் முழுவதும் அந்நோயினின்று விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. அந்நோயை நேரில் கண்ட மருத்துவர்களே அருகிவிட்ட நிலையில், 2019 டிசம்பர் 8ஆம் நாள், துவாரான் வட்டாரத்தைச் சேர்ந்த மூன்று மாதக் கைக்குழந்தை ஒன்றுக்கு அது கண்டிருப்பதைச் சுகாதார அமைச்சு வெளியிட்டது. குழந்தையைத் தாக்கியது இயற்கைக் கிருமியன்று. சொட்டு மருந்திலிருந்து வெளியேறி, மருந்து பெறாதோரிடையே சுற்றி மாறிய முதல் வகைக் கிருமி. அதன் வழித்தடம் பிலிப்பைன்ஸ் நாட்டோடு தொடர்புடையது என்பதும் ஆய்வில் தெரிந்தது. ஊசிக்கு எதிரானோர் கையில் ஆயுதமாகக் கூடிய இச்செய்தியை அமைச்சு சுற்றி வளைக்காமல் முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிட்டது. அக்குழந்தை வாழ்ந்த பகுதியில் 199 பிள்ளைகளை ஆராய்ந்ததில் 23 பேர் தடுப்பு மருந்து பெறாதோர் எனத் தெரியவந்ததையும் சேர்த்தே சொன்னது. அம்மாத இறுதியில் செவிலியர் சொட்டு மருந்துப் பெட்டிகளோடு சபாவின் சிற்றூர்களுக்குப் புறப்பட்டனர். இடையே கொரோனாத் தொற்றால் ஊரடங்கு வந்து பணி தடைப்பட்டது, மீண்டும் தொடங்கியது. வேலைக்காக வந்து குடியிருந்தோர், குடியுரிமை ஆவணம் இல்லாதோர் ஆகியோரின் பிள்ளைகளையும் விடாமல் தேடித் தேடிச் சொட்டு மருந்து புகட்டினர். 2021 செப்டம்பரில் அப்பரவல் முடிவுற்றது.